கண்மணி கமலாவுக்கு: திருமணத்துக்குப் பின் எழுதப்பட்ட காதல் கடிதங்கள்

புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு ‘கண்மணி கமலாவுக்கு’. இளையபாரதி தொகுத்த இந்நூல் 1994இல் வெளிவந்தது. தமிழில் எழுத்தாளர்களின் கடிதத் தொகுப்புகள் பல உண்டு. அவற்றில் பெரும்பகுதி எழுத்தாளர் சக எழுத்தாளருக்கோ, தலைவர் தொண்டருக்கோ, தந்தை மகனுக்கோ எழுதியவை. ஒருவர் தம் மனைவிக்கு மட்டும் எழுதியவை தனி நூலாகக் கிடைப்பது அரிது. அந்த வகையில் இந்நூலுக்குத் தமிழ் உரைநடை வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு.

இந்நூலைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக இரண்டு செய்திகள் முன்னால் வந்து நிற்கும். ஒன்று, எழுத்தாளரின் வறுமை. மற்றொன்று, அவர் உயிரைக் கொண்டுபோன காசநோய். இரண்டும் உண்மைதான். ஆனால் இக்கடிதங்களை வாழ்க்கை வரலாற்றுக்கான சான்றுகளாக மட்டும் படித்தால், அவை எதற்காக எழுதப்பட்டனவோ அதைத் தவறவிடுகிறோம். ஓர் ஆண், தன்னோடு வாழ வந்த பெண்ணின் மனத்தில் இடம் பிடிக்க எழுதியவை இவை. பிற நாடுகளில் திருமணத்துக்கு முன் காதலர் எழுதிக்கொண்ட கடிதங்கள் செய்த வேலையைத் தமிழ்நாட்டில் திருமணத்துக்குப் பின் எழுதிய கடிதங்கள் செய்திருக்கின்றன என்பதும், இந்நூல் அதற்கு நல்ல சான்று என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

நூலின் பின்னணி

புதுமைப்பித்தன் என்ற புனைபெயரால் அறியப்படும் சொ. விருத்தாசலம் 1906இல் பிறந்தவர். குடும்பம் திருநெல்வேலியைச் சேர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் கமலாவை மணந்தார். கமலாவின் பிறந்த வீடு திருவனந்தபுரத்தில். எழுத்தையும் பத்திரிகையையும் நம்பி வாழ முடிவு செய்தவருக்குச் சென்னையைத் தவிர வேறு ஊர் இல்லை. ‘மணிக்கொடி’யில் கதைகள் எழுதினார். ‘தினமணி’யிலும், பிறகு ‘தினசரி’யிலும் பணியாற்றினார். பின்னர்த் திரைப்படத் துறைக்குப் போனார். எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதுவதற்காகப் புனே சென்றார். அங்கே நோய் முற்றியது. திருவனந்தபுரத்துக்குத் திரும்பி 1948இல் காலமானார்.

சென்னையில் ஒரு வீடு எடுத்துக் குடும்பத்தை நிலையாக வைத்துக்கொள்ளும் வருமானம் அவருக்குத் தொடர்ந்து இருந்ததில்லை. அதனால் கமலா பல காலம் திருவனந்தபுரத்திலேயே இருக்க நேர்ந்தது. ஒருவர் சென்னையில், மற்றவர் திருவனந்தபுரத்தில். நடுவில் இருந்தது தபால் மட்டுமே. இந்தப் பிரிவுதான் கடிதங்களை உண்டாக்கியது. இருவரும் ஒரே கூரையின் கீழ் தொடர்ந்து வாழ்ந்திருந்தால் இந்நூலே இல்லை.

திருமணத்துக்கு முந்தைய கடிதம் தமிழில் ஏன் அரிது?

ஒரு காதல் கடிதம் பிறக்க மூன்று வசதிகள் வேண்டும். கடிதத்தைக் கொண்டுசேர்க்க ஒரு வழி வேண்டும். பெறுபவருக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஓர் ஆண் நேரடியாக எழுதலாம் என்று ஊரும் வீடும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதல் வசதி நமக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 1879இல் காலணா அஞ்சலட்டை வந்தது. 1880இல் அஞ்சலகங்கள் வழியே மணியார்டர் அனுப்பும் முறை தொடங்கியது. இரண்டாவது மிகவும் தாமதமாக வந்தது. 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 9 பேருக்கும் சற்றுக் குறைவு. புதுமைப்பித்தன் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் இருந்த நிலை இது. மூன்றாவது வசதி அதைவிட அரிது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் இடையே கடிதம் போகும். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இடையே போகாது. நாள் குறிப்பதும், சீர் பேசுவதும், ஜாதகம் கேட்பதும் பெரியவர்களின் கையெழுத்தில் நடந்தன.

இதோடு வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாரதியாருக்கும் செல்லம்மாளுக்கும் 1897இல் திருமணம் நடந்தபோது செல்லம்மாளுக்கு வயது 7. பெண்ணின் திருமண வயது குறைந்தது 14 என்று வரையறுத்த சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது. ஏழு வயதுக் குழந்தைக்கு யார் காதல் கடிதம் எழுத முடியும்? பெண் எழுதப் படிக்கக் கற்று, கடிதத்தைத் தானே பிரித்துப் படிக்கும் வயதுக்கு வருவதற்குள் அவள் மனைவியாகிப் பல ஆண்டுகள் கடந்திருக்கும்.

பாரதியார் காசியிலிருந்து 1901இல் செல்லம்மாளுக்கு எழுதிய கடிதம் பலரும் அறிந்தது. கணவரைப் பற்றி யாரோ சொன்னதைக் கேட்டுச் செல்லம்மாள் கவலைப்பட்டு எழுத, அதற்கு அவர் எழுதிய பதில் அது. கவலைப்படும் நேரத்தில் தமிழை நன்றாகப் படித்தால் தமக்கு மகிழ்ச்சி என்பது அதன் சாரம். இருபது வயதுகூட ஆகாத இளைஞர், தம் மனைவி தம்மோடு பேசத்தக்க துணையாக வளர வேண்டும் என்று விரும்பி எழுதியது அது. அறிவுரையின் உருவத்தில் இருந்தாலும், ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளும் முயற்சியின் முதல் படியாகவே அதைக் கொள்ள வேண்டும். அந்த முயற்சி இங்கே தாலி கட்டி நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு தொடங்குகிறது.

இவ்வாறு சொல்வதால் தமிழுக்குக் காதல் கடிதமே புதிது என்று எண்ணிவிடக் கூடாது. அகத்திணை இலக்கணம் களவை முதலில் வைத்து, கற்பை அதன் பின் வைத்தது. ஆனால் களவில் செய்தியைக் கொண்டுபோனவர்கள் தோழியும் பாங்கனும். அங்கே ஓலைக்கு வேலை குறைவு. பழந்தமிழ் இலக்கியத்தில் மறக்க முடியாத காதல் கடிதம் சிலப்பதிகாரத்தில் மாதவி எழுதியது. வேனிற்காதையில் தாழை மடலில் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். கோவலன் வாங்க மறுக்கிறான். பிறகு கோசிகன் வழியாக அனுப்பும் ஓலையை அவன் வாங்கிப் படிக்கிறான். படித்து மாதவியிடம் குற்றமில்லை என்று உணர்கிறான். அந்த ஓலையையே தன் பெற்றோருக்குக் கொடுக்கும்படி கோசிகனிடம் திருப்பித் தருகிறான். காதலனுக்கு எழுதிய சொற்கள் அவன் தாய் தந்தையர் கைக்கும் பொருந்துகின்றன. தமிழ்க் காதல் கடிதத்தின் இயல்பு அப்போதே தெரிந்துவிடுகிறது: அதைக் குடும்பத்தின் கண் எப்போதும் எட்டிப் பார்க்கும்.

நிஜ வாழ்வில் எழுத முடியாத கடிதத்தை 20ஆம் நூற்றாண்டின் நாவல் எழுதிப் பார்த்தது. மறைமலையடிகளின் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ 1921இல் நூலானது. ஒரு பெண் தன் காதலனுக்கு எழுதும் கடிதங்களாகவே அது அமைந்துள்ளது. வீட்டில் எழுத இடம் இல்லாதது கற்பனையில் இடம் தேடிக்கொண்டது என்று இதைக் கொள்ளலாம்.

நெப்ராஸ்கா உழவரின் கடிதங்கள்

மற்றொரு நாட்டில் இதே காரியம் எப்படி நடந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் நம்முடைய நிலை தெளிவாகும். அமெரிக்காவின் நடுப்பகுதியில் மரங்கள் அரிதான, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை புல் மட்டுமே வளர்ந்த சமவெளியைப் பிரெய்ரி என்பார்கள். 1862ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அங்கே குடியேறி ஐந்து ஆண்டுகள் தங்கிப் பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் நிலத்தைச் சொந்தமாக்கித் தந்தது. பூர்வகுடி மக்களின் நிலம் அது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. அப்படிக் குடியேறியவர்களில் ஒருவர் யூரையா ஓப்ளிங்கர். இவருடைய குடும்பக் கடிதங்கள் ஏறத்தாழ 3,000 பக்கங்கள் நெப்ராஸ்கா மாநில வரலாற்றுச் சங்கத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவற்றை எல்லாரும் படிக்கும்படி இணையத்தில் வைத்துள்ளது.

யூரையா 1869இல் மாட்டி தாமஸ் என்ற பெண்ணை மணந்தார். அதற்கு முன்பே இருவருக்கும் கடிதத் தொடர்பு இருந்தது. 1872இல் நிலம் தேடி நெப்ராஸ்காவுக்குப் போனார். மாட்டியும் சிறு மகளும் 1873இல் அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். புல்வேரோடு வெட்டி எடுத்த மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீட்டில் வாழ்ந்தார்கள். 1880இல் மாட்டி பிரசவத்தில் இறந்தார்.

இக்கடிதங்களைப் படிக்கும் தமிழ் வாசகர் ஒருவருக்கு இரண்டு செய்திகள் உறைக்கும். முதலாவது, அங்கே கடிதப் பழக்கம் திருமணத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பெண்ணுக்குப் படிக்கத் தெரியும். அவளுக்கு ஓர் ஆண் எழுதுவதை வீடு ஏற்றுக்கொள்கிறது. ஆகவே கணவன் தொலைவில் இருக்கும்போது இருவருக்கும் பேச ஒரு மொழி தயாராக இருக்கிறது. இரண்டாவது, மாட்டி எழுதியவையும் கிடைக்கின்றன. புது வீட்டைப் பற்றி அவர் தம் பிறந்த வீட்டாருக்கு எழுதியதை நாம் அவர் குரலிலேயே கேட்கலாம்.

ஒற்றுமையும் ஒன்று உண்டு. அந்த உழவரின் கடிதங்களிலும் நிலம், பயிர், விலைவாசி, வேலை ஆகியவை நிறைய இடத்தை எடுத்துக்கொள்கின்றன. காதலருக்கு இடையில் கோதுமை விலை எதற்கு என்று கேட்கலாம். இந்த மண்ணில் நாம் வாழ முடியுமா என்பதுதான் அந்தப் பேச்சின் உள்ளே இருக்கும் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்பதைவிடப் பெரிய காதல் பேச்சு உழவருக்கு ஏது?

பணம் அன்பின் மொழியாவது

இந்த ஒற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டு புதுமைப்பித்தனின் கடிதங்களுக்கு வரலாம். அவற்றில் பணம் வராத இடமே இல்லை என்று சொல்லலாம். பணம் வர வேண்டிய இடம், வந்தால் அனுப்பும் தொகை, வராததால் அனுப்ப முடியாமல் போனது, அடுத்து எப்போது அனுப்பலாம் என்ற நம்பிக்கை: இவை திரும்பத் திரும்ப வருகின்றன. கண்மணி என்று அழைத்துத் தொடங்கும் அன்பும், கையில் காசில்லாத கணக்கும் ஒரே தாளில் அடுத்தடுத்து நிற்கின்றன. சில வாசகர்களுக்கு இது சலிப்பூட்டலாம். மகத்தான சிறுகதை ஆசிரியரிடம் அவர்கள் எதிர்பார்ப்பது வேறு.

இந்தச் சலிப்பு சரியான வாசிப்பிலிருந்து வருவதன்று. பணம் பற்றிய செய்தியை நீக்கிவிட்டு அன்புச் சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் கிடைப்பது வெறும் விளிச்சொற்களின் பட்டியல். மாறாக, அன்புச் சொற்களை நீக்கிப் பணத்தை மட்டும் வைத்தால் கிடைப்பது கடன்காரரின் கணக்கு. இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் அது கடிதமாகிறது. நான் உன்னை மறக்கவில்லை என்பதற்கு அந்தக் கணவர் தரக்கூடிய சான்று மணியார்டர் ரசீதுதான். அதைத் தர முடியாத மாதத்தில் சொல்லால் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அந்த மாதங்களின் கடிதங்களில் சொல்லின் சூடு கூடுகிறது. இதை வாசகர் தாமே கவனித்துப் பார்க்கலாம்.

பொதுவாகத் தமிழ்க் குடும்பக் கடிதங்களில் அன்பு வெளிப்படையாக இல்லாததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை நான் நூல்களில் படித்து அறியவில்லை. ஆரம்பாக்கம் பகுதியில், பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவக் கிராமங்களின் பிள்ளைகள் படித்த பள்ளியில் ஆசிரியராக இருந்த ஆண்டுகளில் நேரில் கண்டேன். கணவர் காசிமேட்டில் விசைப்படகு வேலைக்குப் போயிருப்பார். இன்லேண்டு கடிதம் வரும். வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் அந்தப் பெண் அதைப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு வருவார். “சார், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்பார். நலம், பிள்ளைகள், கடன், அடுத்த வாரம் பணம் அனுப்புகிறேன், உடம்பைப் பார்த்துக்கொள் என்று கடிதம் முடியும். அநேகமாக அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்ததும் கணவரோடு வேலை பார்க்கும் வேறொருவராக இருக்கும். ஒருமுறை நான் படித்து முடித்த பிறகும் அந்த அம்மா நகரவில்லை. “வேற ஒண்ணும் எழுதலியா சார்?” என்று கேட்டார்.

ஒருவர் சொல்ல, இரண்டாமவர் எழுத, மூன்றாமவர் படிக்க, நான்காமவர் கேட்கும் கடிதத்தில் வேறொன்றை எப்படி எழுத முடியும்? உடம்பைப் பார்த்துக்கொள் என்ற ஒரு தொடருக்குள் அத்தனையையும் அடக்கி வைக்க வேண்டியதுதான். அந்த அம்மா கேட்ட கேள்வியை வைத்துப் பார்க்கும்போது, கமலாவுக்குக் கிடைத்தது என்ன என்பது விளங்குகிறது. அவருக்குப் படிக்கத் தெரியும். எழுதுபவர் தம் கையால் எழுதினார். இடையில் எழுதிக் கொடுப்பவரும் படித்துச் சொல்பவரும் தேவைப்படவில்லை. கண்மணி என்ற சொல் எழுதப்பட்டதற்கு அந்தத் தனிமை ஒரு முதன்மையான காரணம். பெண் கல்வி தமிழ் உரைநடைக்குத் தந்த கொடைகளில் இதையும் சேர்க்க வேண்டும்.

கதையில் ஒருவர், கடிதத்தில் ஒருவர்

புதுமைப்பித்தனின் கதைகளைப் படித்துவிட்டு இக்கடிதங்களுக்கு வரும் மாணவர்கள் வியப்படைவார்கள். ‘பொன்னகரம்’ கதையில் கற்பு பற்றிய பேச்சைச் சாட்டையால் அடித்தவர் அவர். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுளையே சென்னைத் தெருவில் நடக்கவைத்து வேடிக்கை பார்த்தவர். எதையும் நம்பாத கிண்டல் அவருடைய அடையாளம் என்று பாடநூல்கள் சொல்கின்றன. கடிதங்களில் அந்தக் கிண்டல் ஆயுதத்தைக் கீழே வைத்துவிடுகிறது. நம்பிக்கை சொல்கிறார். தேற்றுகிறார். குழந்தையை இழந்த துயரத்தில் மனைவிக்கு ஆறுதல் எழுதும் இடத்தில் எந்தச் சாமர்த்தியமும் இல்லை.

இவ்விரண்டு முகங்களும் சந்திக்கும் கதை ஒன்று உண்டு. அது ‘செல்லம்மாள்’. சென்னையில் துணிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளியான மனைவி செல்லம்மாளைப் பார்த்துக்கொள்கிறார். பட்டணத்து வறுமையும், நீண்ட நோயும், விட்டு வந்த ஊரின் நினைப்பும் அந்த வீட்டை நிறைத்திருக்கின்றன. கதை தொடங்கும்போதே செல்லம்மாள் இறந்துவிட்டாள். அவர் அழுது புலம்புவதில்லை. செய்ய வேண்டிய காரியங்களைச் செய்கிறார். வெந்நீர் வைப்பது, மருந்து கொடுப்பது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஆகியவற்றின் மூலமே இருவருக்கும் இருந்த அன்பைக் கதை காட்டுகிறது.

கடிதங்களைப் படித்தபின் இந்தக் கதையைத் திரும்பப் படித்தால் அதன் ஆழம் கூடுகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. செல்லம்மாளைக் கமலா என்றும் பிரமநாயகம் பிள்ளையைப் புதுமைப்பித்தன் என்றும் சமன்பாடு போட்டுவிடக் கூடாது. கதையில் நோயாளி மனைவி. நிஜத்தில் நோய்க்கு இரையானவர் கணவர். கதையில் இருவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள். நிஜத்தில் இருவருக்கும் இடையே நூற்றுக்கணக்கான மைல்கள். பிரமநாயகம் பிள்ளை கையால் செய்யும் பணிவிடையைப் புதுமைப்பித்தன் தாளில் மட்டுமே செய்ய முடிந்தது. அந்தக் கதையில் அருகிலிருந்து பார்த்துக்கொள்ளும் கைகளுக்கு அவ்வளவு முக்கியத்துவம் கிடைத்திருப்பதை இந்தப் பின்னணியில் எண்ணிப் பார்க்கலாம்.

கேட்காத குரல்

இனி இந்நூலின் குறையைப் பேச வேண்டும். இதில் உள்ளவை கணவரின் கடிதங்கள் மட்டும். கமலா எழுதிய பதில்கள் இல்லை. எனவே ஒரு நீண்ட உரையாடலில் ஒருவர் பேசுவதை மட்டும் நாம் கேட்கிறோம். தொலைபேசியில் ஒருவர் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்பது போன்றது இது. மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்பதை ஊகிக்கிறோம். உன் கடிதம் கிடைத்தது என்ற பொருளில் வரும் இடங்களிலும், கோபம் வேண்டாம், தைரியமாக இரு என்ற வகையில் தேற்றும் இடங்களிலும் கமலாவின் குரல் நிழலாகத் தெரிகிறது. தைரியமாக இருக்கச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அவர் அச்சத்தையோ ஏமாற்றத்தையோ எழுதியிருக்க வேண்டும்.

இந்த நிழலை நாம் பொருட்படுத்தாமல் போனால், இந்நூல் ஒரு மேதையின் தியாக வரலாறாக மட்டும் சுருங்கிவிடும். எழுத்துக்காக அவர் வறுமையை ஏற்றுக்கொண்டார் என்கிறோம். அந்த வறுமையில் பாதியைச் சுமந்தவரிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. பிறந்த வீட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும் மணமான பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது தமிழ் வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் வரும் விரைவில் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை, எழுதியவரின் பக்கத்திலிருந்து படித்தால் அன்பாகத் தெரியும். பெற்றவரின் பக்கத்திலிருந்து, பத்தாவது முறையாகப் படித்தால் எப்படித் தெரிந்திருக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே படிப்பது நூலுக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. அதுவே முழுமையான வாசிப்பு.

கமலா வெறும் முகவரி அல்லர் என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. அவரும் கதை எழுதியவர். கமலா விருத்தாசலம் என்ற பெயரில் அவருடைய சிறுகதைகள் ‘காசுமாலை’ என்ற தொகுப்பாக வந்துள்ளன. கடித நூலைப் படிப்பவர்களில் எத்தனை பேர் அந்தத் தொகுப்பைத் தேடிப் படிக்கிறோம்? அவருடைய பதில் கடிதங்கள் நமக்கு இல்லை; ஆனால் அவருடைய எழுத்து இருக்கிறது. இரண்டு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பதே இந்தத் தொகுப்பில் உள்ள வெற்றிடத்தை ஓரளவு நிரப்பும் வழி.

ஓப்ளிங்கர் குடும்பத்தோடு உள்ள வேறுபாடு இங்கேதான் கனமாகிறது. நெப்ராஸ்காவின் சாதாரண உழவர் குடும்பத்தில் பெண்ணின் கடிதங்களும் பெட்டியில் இடம்பெற்றுப் பின்னர் ஆவணக் காப்பகத்துக்குப் போயின. நாம் நம் மொழியின் முதன்மையான சிறுகதையாசிரியர் ஒருவரின் குடும்பத்துக் கடிதங்களைப் படிக்கும்போதுகூடப் பெண்ணின் பக்கத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது. சாதாரண குடும்பங்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம். மனைவி கணவனின் கடிதங்களைப் புடவை மடிப்பில் பாதுகாப்பாள். வெளியூரில் மேன்ஷன் அறையிலும் படகுத் துறையிலும் வாழும் கணவனுக்கு அவளுடைய கடிதங்களை வைத்துக்கொள்ள ஒரு பெட்டிகூட இருக்காது. ஆணின் சொல் பாதுகாக்கப்பட்டதும் பெண்ணின் சொல் தொலைந்ததும் இப்படித்தான். இதில் எவருடைய வஞ்சகமும் வேண்டியதில்லை. வாழ்க்கை அமைந்திருந்த விதமே போதும்.

அந்தரங்கத்தை அச்சிடலாமா?

ஒருவருக்காக மட்டும் எழுதியதை ஆயிரம் பேர் படிக்கலாமா என்ற கேள்வியை மாணவர்கள் வகுப்பில் எழுப்புவதுண்டு. நியாயமான கேள்வி. புதுமைப்பித்தன் இவற்றை அச்சுக்காக எழுதவில்லை. அவற்றில் உள்ள அன்புச் சொற்கள் நம் காதுக்கானவை அல்ல. இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. என்னைப் பொறுத்தவரை, இந்நூல் வந்தது நல்லது என்பேன். அதற்கான காரணம் எழுத்தாளரின் புகழ் அல்ல. தமிழ் ஆண் ஒருவர் தம் மனைவியிடம் இவ்வளவு வெளிப்படையாக, தாழ்ந்து, கெஞ்சியும் கொஞ்சியும் பேசினார் என்பதற்கு எழுத்துச் சான்று வேறு அதிகம் இல்லை. நம் தாத்தாக்கள் பாட்டிமாரிடம் அன்பாகப் பேசியதே இல்லை என்று இளைய தலைமுறை எண்ணிக்கொண்டிருக்கிறது. பேசினார்கள், அது எழுத்தில் நிற்கவில்லை. இங்கே நிற்கிறது.

ஆனால் இந்த நியாயம் ஒரு கடமையையும் நம்மீது வைக்கிறது. படிப்பவர் இதை ஒட்டுக் கேட்கும் ஆர்வத்தோடு படிக்கக் கூடாது. எழுத்தாளரின் பலவீனத்துக்குச் சான்று தேடிப் பக்கம் புரட்டக் கூடாது. அதே போல, ஏழ்மையை அழகுபடுத்தி, கலைஞன் என்றால் இப்படித்தான் வாட வேண்டும் என்ற பாடத்தையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுத்துக்கு உரிய கூலி காலத்தில் கிடைத்திருந்தால் இந்தக் கடிதங்களில் பல எழுதப்பட்டிருக்கா. அதற்காக இலக்கியம் ஒன்றும் நட்டப்பட்டிருக்காது. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்திருப்பார்கள். தமிழ்நாடு அரசு 2002இல் அவருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. இருந்தபோது கிடைக்காத பணத்தை அது ஈடுகட்டாது என்றாலும், இன்று எந்த மாணவரும் அவர் கதைகளைத் தடையின்றிப் படிக்க அது வழிசெய்தது.

மதிப்பீடு

கடித இலக்கியத்தை மதிப்பிட மொழிநடையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. எழுதுபவர் எதிரில் இருப்பவரை எவ்வளவு கண்முன் கொண்டுவருகிறார் என்பதே முக்கியம். நாட்டு மக்களுக்குச் சொல்ல வேண்டியதைத் தம்பியின் பெயரில் எழுதிய கடிதங்கள் நம்மிடம் உண்டு. அவற்றில் தம்பி ஒரு வாயில். உள்ளே நிற்பது கூட்டம். ‘கண்மணி கமலாவுக்கு’ நூலில் கமலாவைத் தவிர வேறு எவரும் இல்லை. அவருடைய உடல்நிலை, அவருடைய கோபம், அவருடைய காத்திருப்பு ஆகியவையே ஒவ்வொரு கடிதத்தின் திசையையும் முடிவு செய்கின்றன. அந்த வகையில் இது தமிழில் கிடைக்கும் மிக உண்மையான கடிதத் தொகுப்புகளில் ஒன்று.

முதன்முறையாகப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வழி சொல்லலாம். முதலில் ‘செல்லம்மாள்’ கதையைப் படியுங்கள். அடுத்து இக்கடிதங்களைத் தேதி வரிசையில், ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் போகாமல் படியுங்கள். ஒவ்வொரு கடிதத்தையும் முடித்தபின், இதற்குக் கமலா என்ன பதில் எழுதியிருப்பார் என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். பின்னர் ‘காசுமாலை’யை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊகத்தில் இருந்த கமலாவும், அந்தக் கதைகளை எழுதிய கமலாவும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறார்கள் என்று ஒப்பிடுங்கள். எந்தத் தேர்வுக்கும் இந்தப் பயிற்சி உதவாது. ஆனால் வீட்டுப் பெட்டியில் பாட்டியின் பெயருக்கு வந்த பழைய இன்லேண்டு கடிதம் ஒன்று அகப்பட்டால், உடம்பைப் பார்த்துக்கொள் என்ற கடைசி வரியை நீங்கள் வேகமாகக் கடந்துபோக மாட்டீர்கள்.